சுண்டும் தராசும்

(எமது மன்றத்தின் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன் பேசிய பெரியவர் உயிரைப் பற்றிப் பேசினார். நான் உடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் அதன் நிறையைப் பற்றி. செயலாளர் அவர்கள் என்னிடம் தலைப்புக் கேட்டபோது, "கலோரிக் கணக்கு" என்றேன். "தங்கச்சி, அது கொழும்பிலே இருக்கிறவர்களுடைய கதையல்லவா? வாழைச்சேனையில் யார் சோற்றை எண்ணித் தின்கிறார்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகவே இவ்வுரை அமையட்டும்.

மிஷன் பாடசாலை ஒன்றில் உணவுக்கு முன் ஜெபம் சொல்லிப் பழகியவள் நான். கிடைத்த உணவுக்கு நன்றி சொல்லக் கற்றேன். எவ்வளவு உண்பது என்பதை அங்கும் எவரும் கற்பிக்கவில்லை, வீட்டிலும் கற்பிக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு காலை நேரத்தில் என் தாயார் கிணற்றடியில் விழுந்த பின்னரே அதைக் கற்கத் தொடங்கினேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். மாத்திரை எடுக்கிறார். ஒரு வைத்தியசாலையில், நீண்ட வரிசையின் முடிவில், "நிறையைக் குறையுங்கள்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் குறைப்பது என்று அவரும் கேட்கவில்லை. அவர்களுக்கும் சொல்ல நேரமில்லை. அம்மா தமக்குத் தெரிந்த வழியில் குறைக்கத் தொடங்கினார்: காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நான்காம் நாள் பதினொரு மணியளவில் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சரிந்தார். நல்ல வேளையாக நினைவு முற்றாகத் தவறவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து சீனித்தண்ணீர் பருக்கினார். சீனி கூடிய நோயாளியைச் சீனி கொடுத்து எழுப்பியது கண்டு என் தம்பி திகைத்து நின்றான். சீனி வருத்தத்துக்கான சில வகை மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுப்போர் உணவைத் தவறவிட்டால் இரத்தத்திலுள்ள சீனி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். ஆகையால், மருந்து எடுக்கும் எவரும் வைத்தியரிடம் சொல்லாமல் உணவைக் குறைக்கலாகாது. என் உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் எனக் கண்டது. அந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழில் மாத்திரமே நடந்தது. விடுபட்ட இரண்டும் எவை என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அப்போது எங்கள் பக்கம் வேறு கணக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன.

இனிக் கலோரி என்பது யாதெனப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பமே நாம் உணவுக்குச் சொல்லும் ஒரு கலோரி. விறகு அடுப்பில் எரிவதுபோல, உணவு உடலில் மெதுவாக எரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் அற்வாட்டர் என்னும் பேராசிரியர், மனிதரைச் சிறிய அறையொன்றில் நாட்கணக்கில் இருத்தி, அவர்கள் உண்டதையும் கழித்ததையும் விட்ட மூச்சையும் உடல் வெளியிட்ட வெப்பத்தையும் அளந்தார். மாச்சத்தும் சீனியும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றும் பிஸ்கட் பெட்டியின் பின்புறத்தில் கணக்கிடப்படுவது அவர் வழிவந்த அளவே. அவர் பணியாற்றியது வெஸ்லியன் பல்கலைக்கழகம். வெஸ்லி ஐயரின் பெயரைக் காலைக் கூட்டங்களில் கேட்டு வளர்ந்த எனக்கு அது சற்றுப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் மதுசாரமும் உடலுக்குச் சக்தி தருகிறது என்று அவர் கண்டு சொன்னபோது, மதுவிலக்குக்காரர் அவர்மீது பெருங்கோபம் கொண்டனராம். மதுசாரம் கிராமுக்கு 7 கலோரி. சாராயம் "தண்ணீர்தானே" என்று எண்ணும் அண்ணன்மார் எவரேனும் இங்கிருந்தால் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

நான் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். ஒரு கொப்பியும் எடுத்தேன். மூன்று வாரம் எங்கள் வீட்டில் அடுப்பேறியது அனைத்தையும் நிறுத்தேன். அம்மம்மா திண்ணையிலிருந்து, "என்ன புள்ள, சோத்தையும் நிறுத்துத்தான் தின்னோணுமோ?" என்று கேட்டார். தம்பி என்னைக் "கடைக்காரி" என்றான்.

முதலில் அரிசி. எங்கள் சுண்டினால் அளந்த அரிசி 200 கிராம் அளவில் நின்றது. பச்சையரிசியோ புழுங்கலோ, சிவப்போ வெள்ளையோ, 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி. ஆகவே ஒரு சுண்டு 700. வளர்ந்த ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு சுண்டு என்பது எங்கள் வீட்டில் தாத்தா காலத்து அளவு. தாத்தா விடியுமுன் வயலுக்குப் போனவர். உழவும் வரம்பு கட்டலும் சூடடிப்பும் அவர் உடலோடு செய்த வேலை. காகித ஆலைக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வந்த தலைமுறைக்கும் அந்தச் சுண்டு பொருந்தியிருக்கலாம். நானோ வந்தாறுமூலைக்குப் பேருந்தில் போகிறேன், விரிவுரையில் அமர்ந்திருக்கிறேன், பேருந்தில் வருகிறேன், தொலைபேசியோடு படுத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கும் அதே சுண்டு. அம்மாவுக்கும் அதே சுண்டு. வேலை மாறியது, அகப்பையின் கணக்கு மாறவில்லை.

ஆயினும் சோறு மட்டுமே குற்றவாளி என்றால் நான் கொப்பியை முதல் நாளே மூடியிருப்பேன். எனக்கு வியப்பூட்டியவை வேறு. ஒரு நடுத்தரத் தேங்காயின் துருவல் எங்கள் தராசில் 300 கிராம் காட்டியது. ஆயிரம் கலோரிக்குக் குறையாது. காலைப் பிட்டுக்கும் சம்பலுக்குமாக அது நான்கு பேருக்குப் பங்கிடப்பட்டால், ஆளுக்கு 250 கலோரி கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். பாலாகப் பிழிந்தால் சக்கையோடு ஒரு பகுதி கழியும். துருவலாக உண்டால் முழுவதும் நமக்கே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வெளிநாட்டு எண்ணெய் எல்லாம் இதில் ஒரே சாதி. அறக்குளாவைக் குழம்பில் விடுவதற்கும் பொரிப்பதற்கும் உள்ள வேறுபாடு மீனில் இல்லை, சட்டியில் இருக்கிறது.

தயிரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊரில் என்னை மன்னிக்க மாட்டீர்கள். எருமைத்தயிர் கொழுப்புள்ளதுதான், எனினும் அளவோடு உண்டால் அது எதிரி அன்று. அதன்மேல் கை தளர ஊற்றும் பாணியும், பாணி இல்லாத வீட்டில் அள்ளிப் போடும் சீனியுமே கொப்பியில் பெரிய எண்ணாக விழுந்தன. குரக்கனையும் பனங்கட்டியையும் நம்பியிருப்போருக்கும் ஒரு சொல். குரக்கன் மா, அரிசி மா, கோதுமை மா மூன்றும் 100 கிராமுக்கு 320க்கும் 360க்கும் இடையிலேயே நிற்கின்றன. குரக்கனில் நாரும் கல்சியமும் மிகுதி என்பது மெய், ஆதலால் நல்லது. ஆனால் "குரக்கன் பிட்டு மெலிய வைக்கும்" என்று இரு மடங்கு உண்டால் இரு மடங்காகவே கணக்கு ஏறும். பனங்கட்டியும் சீனிக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பே.

சோடாவைப் பற்றி நான் பேசத் தேவையில்லை; அரசே போத்தலில் எழுதி வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இனிப்புப் பானங்களின் மேல் வண்ண வட்டம் இடப்படுகிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றில் அது ஒன்பது தேக்கரண்டி அளவாகும். ஒன்பது கரண்டி போட்டு ஒருவர் தேநீர் தந்தால் அவரை என்னவென்று நினைப்போம்?

இனி என் கொப்பியில் நான் எதிர்பாராத பக்கம். அம்மாவின் உணவு முழுவதையும் எழுதியும் கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. எழுதிய அளவுக்கு அவர் நிறை பொருந்தவில்லை. இரண்டாம் வாரம் நான் விடுமுறையில் நாள் முழுதும் வீட்டில் இருந்தபோதே காரணம் விளங்கிற்று. தம்பியும் தங்கையும் மிச்சம் வைத்த சோற்றைப் பாத்திரம் கழுவுமுன் அம்மா நின்றபடியே உண்கிறார். அதைச் "சாப்பாடு" என்று அவர் கருதுவதேயில்லை. ஆகவே என்னிடம் சொல்லவும் இல்லை. நிறுத்துப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு 150 கிராம் சோறும் கறியும், ஏறத்தாழ 200 கலோரி.

"ஏனம்மா இதைக் கொட்டக்கூடாது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளிக்குப் பின் தென்னைகள் எல்லாம் சாய்ந்து கிடக்க, வரிசையில் நின்று மா வாங்கிய குடும்பம் அது. 1990இல் இடம்பெயர்ந்து, பாடசாலைக் கட்டடமொன்றின் தரையில் படுத்து, ஒரு பார்சலை மூவர் பகிர்ந்தவர்கள். 2004 மார்கழிக் கடல் கொண்டுபோனது போக மிஞ்சியதை வைத்து மறுபடியும் அடுப்பு மூட்டியவர்கள். அந்தக் கைக்குச் சோற்றைக் கொட்டச் சொல்வது எளிதன்று. பருமனான தாய்மாரைப் பார்த்து "வாயைக் கட்ட முடியாதா?" என்று கேலி செய்யும் இளைஞர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். அவர்களுடைய வாயில் அடங்காமை எதையும் நான் காணவில்லை. பசியை நினைவில் வைத்திருக்கும் கையையே கண்டேன்.

பசி உடலிலும் மனத்திலும் எதை விட்டுச் செல்கிறது என்பதை ஆராய்ந்தவர்களும் உளர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944ஆம் 1945ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்களைத் தம் ஆய்வுக்கு அழைத்தார். போரால் பட்டினி கிடப்போரை மீட்பது எப்படி என அறிவதே நோக்கம். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரி கொடுத்து நடக்கவும் வைத்தனர். உடல்நிறையில் காற்பங்கு போயிற்று. போனது நிறை மட்டுமா? சிரிப்புப் போயிற்று; நண்பரோடு பேச்சுப் போயிற்று. சமையற் புத்தகங்களை வாசித்துக்கொண்டும் தட்டை நக்கிக்கொண்டும் காலம் கழித்தனர். உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது வயிறு நிறைந்த பின்னும் பசி தீராமல் உண்டனர். இழந்த கொழுப்பைவிட மிகுதியாகக் கொழுப்புச் சேர்ந்தது.

அன்பர்களே, அவர்கள் பட்டினி எனக் கருதியது 1,600 கலோரி. இன்று தொலைபேசியில் காணொளி பார்த்துவிட்டு 800, 1,000 கலோரி என்று தொடங்கும் சகோதரிகளை நான் விடுதியில் காண்கிறேன். திருமணப் பேச்சு வந்துவிட்டது என்பதற்காக எலுமிச்சைத் தண்ணீரும் தேனும் குடித்து ஒரு கிழமை கிடந்த தோழி ஒருத்தி இருந்தாள். மூன்று கிலோ குறைந்தாள். அதில் பெரும்பகுதி நீர். அடுத்த மாதம் நான்கு கிலோ கூடினாள். விரதத்தையும் மெலிவதற்கான வழியாகக் கொள்வோர் உளர். கந்தசஷ்டியை அதற்கு நோற்பவர் எவரும் இங்கு இல்லையென நம்புகிறேன். நோற்றாலும் பாறணை நாளில் வடை அதைச் சரிக்கட்டிவிடும். வளரும் பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் நிறை குறைக்கும் எண்ணத்தைத் தாமாகவே தொடக்கூடாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? சென்னையில் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். நம்மைப் போன்றே சோறும் சாம்பாரும் உண்ணும் மக்களிடம் நடந்தது. வைத்தியர் ராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவு வரும் தறுவாயில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டளவு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு வழமையான ஆலோசனை மட்டும். மற்றொரு பகுதியினருக்குச் சீனியையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ப்பொருள் சேர்த்து, நாளும் அரைமணி நடக்க வழிகாட்டினர். முதற்பகுதியில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. வழிகாட்டப்பட்டோரில் 39 பேருக்கு. மருந்தில்லாமல் இவ்வளவு.

அதில் என் மனத்தில் தைத்த செய்தி வேறொன்று. அவர்களுடைய நிறை சொல்லத்தக்க அளவு குறையவேயில்லை! தராசு முள் அசையாமலே நன்மை விளைந்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் தராசில் ஏறி அழுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். தராசைவிட மலிவான கருவி ஒரு துண்டு நூல்: நம் போன்ற தெற்காசியரில் ஆணின் இடுப்புச் சுற்று 90 சென்ரிமீற்றரையும் பெண்ணின் இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனம் வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த எல்லை.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது பெரிய காரியம் அன்று. வைத்தியரிடம் மீண்டும் போய் மாத்திரையின் நேரத்தையும் சாப்பாட்டின் நேரத்தையும் பொருத்திக்கொண்டோம். அம்மாவின் சுண்டு அரைச் சுண்டுக்குச் சற்று மேலாயிற்று. பீங்கானில் சோறு விட்ட இடத்தைப் பொன்னாங்காணிச் சுண்டலும் வெண்டிக்காயும் மீனும் பிடித்துக்கொண்டன. பீங்கான் வெறுமையாகத் தெரிந்தால் அம்மா உண்ண மாட்டார், ஆகையால் வெறுமையாக விடவில்லை. பிட்டுக்கு அரைத் தேங்காய். பிள்ளைகளுக்கு முதலில் குறைவாக வைத்து, கேட்டால் மீண்டும் வைப்பது என்று அகப்பையை மாற்றினோம். மிச்சமே வராவிட்டால் அதைக் கொட்டும் பாவமும் இல்லை, உண்ணும் கடமையும் இல்லை. இந்த ஒன்றைக் கண்டுபிடித்தது நானல்ல, அம்மம்மா.

நடப்பதுதான் கடினமாயிற்று. ஆண்கள் விறுவிறுவென்று நடந்தால் "உடற்பயிற்சி" என்பார்கள். ஐம்பது வயதுப் பெண் காரணமின்றி வீதியில் நடந்தால், "எங்க போறீங்க, ஆருக்கு என்ன?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். அம்மா இரண்டு நாளில் வெட்கப்பட்டு நின்றுவிட்டார். பின்னர் பக்கத்து வீட்டு மாமியையும் சேர்த்துக்கொண்டு, மாலையில் கோயிலுக்குச் சுற்றுப் பாதையால் போகத் தொடங்கினார். கோயிலுக்குப் போகிறவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் 60 கிலோ உள்ளவருக்கு 250 கலோரி அளவில் செலவாகும். இரண்டு போத்தல் சோடாவை நடந்து தீர்க்க வேண்டுமானால் பாசிக்குடாவரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும், குடியாதிருப்பது இலகு.

ஒன்பது மாதத்தில் அம்மா 71 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்தார். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி என்பர். நாளுக்கு 300 கலோரி குறைத்தோம் என்று கொண்டால் கணக்கின்படி பத்துக் கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ஐந்துதான் இறங்கியது. திருவிழா வந்தது, கலியாணம் வந்தது. உடலும் மெலிய மெலியச் சிக்கனமாகச் செலவு செய்யப் பழகிக்கொள்கிறது. கணக்குத் தவறியதில் நான் சோர்ந்தேன். வைத்தியர் சோரவில்லை, இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்து, "இதே போதும், விடாதீங்க அம்மா" என்றார்.

நான் எண்ணுவதை மூன்று வாரத்தோடு நிறுத்தியதற்கும் ஒரு காரணம் உண்டு. உறவினர் வீட்டுச் சடங்கொன்றில் பெரியம்மா பாயாசக் கிண்ணத்தை நீட்டியபோது என் வாய் என்னையறியாமல் "முந்நூறு" என்றது. அவர் விளங்காமல் பணம் கேட்கிறேனாக்கும் என்று நினைத்து முகம் வாடினார். கொப்பியை அன்றிரவே அலுமாரியில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் நிறுத்த பின் கண்ணே தராசாகிவிடுகிறது. அதற்குமேல் எண்ணினால் உணவின் சுவையும் உறவின் முகமும் எண்ணாகிவிடும். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தைவிட உண்ணும் அளவைப் பற்றியே வள்ளுவர் மிகுதியாகப் பேசியிருக்கிறார். அவர் தராசு வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

தராசு இப்போது எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறது. மன்ற உறுப்பினர் எவரேனும் மூன்று வாரத்துக்குக் கேட்டால் இரவல் தருவேன். மின்கலம் அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்ததும் வடையும் தேநீரும் உண்டென்று செயலாளர் அவர்கள் என் காதில் சொன்னார். நானும் ஒரு வடை எடுப்பேன். என் தேநீருக்கு மட்டும் சீனி போடவேண்டாமென்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.